ஒஸெல்லா விழுந்த நாள்

எங்கள் சபையில் அடக்க ஆராதனை என்றால், வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நாலு பெண்கள் சுவரோரம் நிற்போம். நர்ஸ் என்று பேர். மருத்துவம் ஒன்றும் தெரியாது. மயங்குகிறவர்களைத் தாங்க வேண்டும், விசிற வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குத் தலைவி ஒஸெல்லா. இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களைத் தாங்கியவள். அவள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

வார நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சில பிள்ளைகளின் தட்டில் மட்டும் ரொட்டி கூடுதலாக விழும். சனி, ஞாயிறு எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும். டெமார்கோவும் அவன் தம்பி ரஷாடும் அந்த ரொட்டியில் வளர்ந்தவர்கள்.

டெமார்கோவைப் பதினேழு வயதில் பெட்ரோல் பங்க் வாசலில் யாரோ சுட்டுவிட்டார்கள். அடக்கத்தன்று காலை, பெட்டி தூக்க வந்த பையன்களின் காரைப் போலீஸ் மறித்தது. எங்கள் கறுப்பு நிறத்துப் பையன்கள் ஐந்து பேர் ஒரே காரில் என்பதே போதும் அவர்களுக்கு. கோட்டும் டையுமாகப் புல்லில் குப்புறப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். அந்த ஐவரில் ஒருவனான ரஷாட் இரவல் சட்டையில் புல்லின் பச்சைக் கறையோடு வந்தான். ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை.

"விடுங்க மிஸ். அண்ணன் பாத்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்," என்றான். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அதே போலீஸ் கார் சபைக்கு எதிரே வந்து நின்றது. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். ரஷாட் பெட்டியைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தான். ஒஸெல்லா சுவரோரமாக நகர்ந்து அவன் வரிசைக்கு வந்துவிட்டாள்.

"உக்காருடா ராசா."

"அந்தாளு அங்க நின்னு சிரிக்கிறான், மிஸ் ஒஸெல்லா."

"சிரிக்கட்டும். அம்மா கையப் புடிச்சிக்க."

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"அவனுங்ககிட்ட வார்த்தை கேக்கப் போனவன் எவன்டா திரும்பி வந்திருக்கான்?"

பெட்டியை மூடினார்கள். அவன் அம்மா அலறினாள். எல்லோரும் அவளிடம் ஓட, ரஷாட் எழுந்து கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். ஒரு கை பாக்கெட்டுக்குள்; போலீசுக்கு அது துப்பாக்கியாகத்தான் தெரியும். அந்தக் கையோடு அந்த வேகத்தில் வெளியே போனால் அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் இதே உடுப்பில் நிற்போம்.

ஒஸெல்லா கத்தவில்லை. அவன் முன்னால் போய் நின்று, கண்ணைச் செருகி, முழு உடம்போடு அவன்மேல் சாய்ந்தாள்.

தாங்காமல் என்ன செய்வான்? இருவரும் தரையில் விழுந்தார்கள். சபையே திரும்பியது. அவன் அம்மாவின் அழுகைகூட ஒரு கணம் நின்றது.

"யாராச்சும் வாங்களேன்! மிஸ் ஒஸெல்லா!" என்று ரஷாட் கத்தினான்.

ஓடிப் போனேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை முறைத்தாள். விசிறியை அவன் கையில் கொடுத்துவிட்டு விலகினேன். அவள் தலையை மடியில் வைத்து விசிறினான்.

"என்னா கனம் கனக்கறீங்க," என்றான். அதைச் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அந்த வாரம் முழுக்க அழாதவன், அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் எழுந்திருக்கவே இல்லை.

பெட்டியை எடுத்தபோது போலீஸ் கார் அங்கேயே நின்றது. கல்லறைக்கு இன்னும் ஆறு மைல் போகவேண்டும். ஒஸெல்லா நேராகப் பையன்களின் காருக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

"மிஸ், இது பசங்க வண்டி."

"தெரியும். நகந்து உக்காருங்கடா. ஜன்னலோரம் எனக்கு."