பந்தைத் தலையால் தடுத்த எங்கள் அக்கா

அக்காவின் உடல் சேலம் மருத்துவமனையிலிருந்து மோகனூர் வந்து சேர அன்று ஏன் அரை நாள் தாமதமானது என்று உறவினர் பலர் கேட்டீர்கள். இருந்த துக்கத்தில் எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. ஓராண்டு நிறைவில் வெளியாகும் இம்மலரில் அதைச் சொல்வது உடன்பிறந்தவனின் கடமை. அக்கா தம் மூளையை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மோகனூரில் கரும்பு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. எனக்கு ஆறு வயது மூத்தவர். பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி தொடங்கியபோது, பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போடுவதா என்று அப்பா தடுத்தார். "போயி ஓடட்டும் உடுங்க. நானிருக்கறன்" என்றார் அம்மா. கல்லூரியிலும் மாவட்ட அணியிலும் அக்கா தடுப்பாட்டக்காரர். நல்ல உயரம். எதிரணி கார்னர் அடித்தால், கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பந்தை நெற்றியால் முட்டி வெளியே அனுப்புவார். மழையில் நனைந்த பந்து கல்லாய்க் கனக்கும். ஒருமுறை முட்டிய வேகத்தில் கண் இருட்டிக் கீழே உட்கார்ந்தவர், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆடினார். நாங்கள் கை தட்டினோம்.

பிறகு நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையானார். மோகனூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் தினமும் பஸ்ஸில் போய்வந்தார். மாமாவுக்கும் அவருக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளி மைதானத்து மரக்கிளையில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டு, மாணவிகளை எழும்பி எழும்பி முட்டப் பழக்குவார். அவர் அணிக்குக் கோப்பைகள் வந்தது அப்படித்தான்.

ஐம்பதை நெருங்கும்போது மறதி தொடங்கியது. ஒரு காலை எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். இது எந்த ஊருன்னு தெரியல சாமி."

பக்கத்தில் நின்றவர் போனை வாங்கி, "இது திருச்செங்கோடுங்க" என்றார். நாமக்கல்லில் இறங்க வேண்டியவர் வேறு பஸ் ஏறி அங்கே போயிருந்தார்.

சேலத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். முன்னாள் கால்பந்து வீரர்களின் மூளை நலம் பற்றி ஆய்ந்து வந்தவர் அவர். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்காவுக்கு இரண்டுதான் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பந்தைத் தலையால முட்டுவீங்க?"

"வந்ததையெல்லாம் முட்டுவனுங்க. அதை ஆருங்க எண்ணுனாங்க?"

"அதனாலதான் இதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா. அதைத்தான் தேடிட்டு இருக்கோம்."

அக்கா, "நான் பழக்கி உட்ட புள்ளைங்களுக்கு என்னாகுமுங்க?" என்று கேட்டார். தமக்கு என்னாகும் என்று அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் பள்ளிக்குப் போய், மரத்தில் தொங்கிய பந்தைத் தம் கையாலேயே அவிழ்த்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தலையால் முட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மாதமே, இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். நான் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

அதன்பின் ஆறு ஆண்டுகள். யாரையும் கடிந்து பேசாத அக்காவுக்குக் கோபம் வந்தது. சோற்றுத் தட்டை மாமா மீது வீசிய நாளும் உண்டு. மாமா சட்டையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிசைந்து ஊட்டுவார். கடைசி மாதங்களில் அக்காவுக்கு விழுங்கவே மறந்துபோனது. நெஞ்சில் சளி கட்டி, சேலம் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

அப்போது குடும்பத்தாரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"பட்டது போதாதுங்களா மாமா? முழுசா ஊட்டுக்குக் கொண்டு போலாமுங்க."

மாமா என் தோளில் கை வைத்தார். "மாப்ளே, இது அவ புத்தி தெளிவா இருக்கறப்பச் சொன்னது. அதுக்கப்புறம் அவ திட்டுனது, வீசுனது எதையும் நான் மனசுல வெச்சுக்கல. அதெல்லாம் அவ இல்ல. இது அவளேதான். இதை எப்படி உடறது?"

அவர் கையெழுத்திட்டார். தாமதம் அதனால்தான். முகம் அப்படியே இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

சில மாதம் முன் மருத்துவர் எங்களை அழைத்துப் பேசினார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களிடம் காணும் மாற்றங்கள் அக்காவின் மூளையில் இருந்தனவாம். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயின் அடையாளங்களும் இருந்தனவாம். எது எவ்வளவு கெடுத்தது என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் பலரைப் பார்க்க வேண்டும் என்றார். எங்களுக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று குறுக்கே நின்றதற்காக மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறதி முற்றிய பிறகும் அக்காவை மாலையில் மைதானத்தில் உட்கார அனுமதித்த தலைமையாசிரியைக்கும், கடைசி நாட்களில் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், விடை தெரியாததைத் தெரியாது என்றே சொன்ன மருத்துவருக்கும், பாடை தூக்க முன்வந்த பழைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. அந்த மாணவிகளில் எட்டுப் பேர் இதுவரை அந்த மருத்துவரிடம் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துள்ளனர். அக்காவிடம் பந்து பழகிய மற்றவர்களும் இதைப் படித்தால் ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், துணைக்கு நான் வருகிறேன்.