அப்பாவுக்கான எண்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் ஓர் எண்ணுக்காகச் சண்டை நடந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். காக்கநாட்டில் ஏதோ அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கியதை, அண்ணனின் படிப்புக்கு உதவும் என்று மாமா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அண்ணன் அதில் படித்ததை யாரும் பார்த்ததில்லை. துப்பாக்கி விளையாட்டு ஆடியதைத் தெருவே பார்த்திருக்கிறது. எங்கள் ஜன்னல் தெருவை ஒட்டி இருந்தது.

அந்த விளையாட்டில் நம் உருவம் நமக்குத் தெரியாது. முன்னால் நீட்டிய துப்பாக்கி மட்டும் தெரியும். மவுஸை நகர்த்தினால் துப்பாக்கி திரும்பும். எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை அமைப்புகளில் உள்ள ஓர் எண் தீர்மானிக்கும். அதற்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சுருக்கமாக சென்ஸ் என்பார்கள். எண் கூடினால் விரல் அசைவுக்கே துப்பாக்கி பம்பரமாகச் சுற்றும். குறைந்தால் கையையே இழுத்துத் திருப்ப வேண்டும்.

அண்ணனின் சென்ஸ் ஆறு. அவனுக்குப் பதினேழு வயது, மணிக்கட்டில் மின்சாரம் ஓடிய காலம். எனக்கு ஆறில் ஒன்றுமே பிடிபடாது. எதிரி வலப்பக்கம் வந்தால் நான் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்து நிற்பேன். அதனால் என் முறை வரும்போது எண்ணை நாலுக்கு இறக்குவேன், மறுபடி ஏற்றி வைக்க மறந்துபோவேன். அடுத்து உட்காரும் அண்ணன் முதல் ஆட்டத்திலேயே செத்துவிட்டு வீடு அதிரக் கத்துவான்.

"என் சென்ஸைத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்டீ!"

வீட்டில் ஏற்கெனவே ஒரு கை ஒடிந்துதான் இருந்தது. அப்பாவுடையது.

அப்பா வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். மார்ச் மாதம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, பாலத்தின் இறக்கத்தில் பைக் சறுக்கி வலது தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் இறுகிப்போய்விட்டது. கையை இடுப்பளவுக்குத் தூக்குவதற்குள் அவர் முகம் கோணிப்போகும். வெறுமனே வைத்திருந்தாலும் விரல்கள் லேசாக நடுங்கின. மே மாதக் கடைசியில் கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால்தான் வண்டியில் ஏற விடுவார்கள். இல்லையென்றால் வேறு ஆள் வந்துவிடுவார். இதை அம்மாவும் அப்பாவும் சமையலறையில் தணிந்த குரலில் பேசுவது எனக்குக் கேட்கும். கேட்டேனே தவிர, அதில் எனக்குச் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அம்மா ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். காலை ஏழுக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். அதுவரை அப்பா முன்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூட நாட்களில் இருட்டிய பிறகு வந்து விடியும்போது போகிற மனிதர் அவர். பகல் வெளிச்சத்தில் அவர் வீட்டில் இருப்பது ஒரு விருந்தாளி வந்து தங்கியதுபோல் இருந்தது. என்ன பேசுவதென்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தது அவர்தான். அண்ணன் வெளியே போயிருந்த ஒரு காலையில் நான் நாலாவது முறையாகச் செத்தேன்.

"எதுக்கு இப்பிடிக் கறங்குற? ஆளு நிக்கிறது ஒரு பக்கம், நீ திரும்புறது ஒரு பக்கம். லோடு ஏத்தின வண்டிய இப்பிடித் திருப்புனா மொத்தமும் தரையில கெடக்கும்."

"அப்ப நீங்க வந்து ஆடிக் காட்டுங்க" என்றேன் ரோஷமாக.

வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். வந்து உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மேஜை மேல் வைத்தார். விரல்களை மவுஸின் மேல் ஒவ்வொன்றாகப் படிய வைத்தார். திரையில் துப்பாக்கி வலிப்பு வந்ததுபோல் உதறியது. அவர் கையில் இருந்த சின்ன நடுக்கம் அங்கே பெரிய நடுக்கமாகி, குறி ஒருசமயம் கூரைக்கும் ஒருசமயம் தரைக்கும் தாவியது. அப்பா உடனே மவுஸை விட்டுவிட்டார். "மதி, மதி, போதும்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததாகச் சொன்னால் பொய். ஆட ஒரு துணை கிடைத்து நழுவுகிறதே என்ற பதற்றம்தான். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி எண்ணை மூன்றுக்கு இறக்கினேன். நடுக்கம் பாதியானது. இரண்டுக்கு இறக்கினேன். பிறகு ஒன்றரை.

துப்பாக்கி அசையாமல் நின்றது.

அப்பா தன் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. துப்பாக்கி நடுங்கவில்லை.

"இதெப்பிடி மோளே?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒன்றரையில் ஒரு சிக்கல் இருந்தது. பின்னால் வருகிறவனைச் சுட முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் மவுஸ் மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தேன். அண்ணனுக்கு ஒரு முழு வட்டத்துக்குப் பதினொரு சென்டிமீட்டர் போதும். அப்பாவுக்கு நாற்பத்து நாலு. மேஜையில் இருந்த ஸ்பீக்கர், பேனாக் குவளை, அண்ணனின் பிரிக்காத பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் அள்ளிப் போட்டோம். சாப்பாட்டு மேஜையின் ரெக்ஸின் விரிப்பை மடித்து விரித்தேன். மணிக்கட்டு போதாமல் முழங்கை அசைந்தது. முழங்கையும் போதாமல் தோள் மெல்ல நகர்ந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, சென்ஸ், சென்டிமீட்டர், எத்தனை பேரைச் சுட்டார், எத்தனை முறை செத்தார். ஒன்றேமுக்கால் கொஞ்சம் துள்ளியது, ஒன்று இழுக்க முடியவில்லை. ஒன்றேகால் வைத்தால் குறி நன்றாக நின்றது, ஆனால் வலி கூடுதல்; வலி பழகியதும் அதையே வைத்துக்கொண்டோம். ஒரு மருத்துவர்கூட அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க மாட்டார். என் அக்கறை முழுக்க வேறு. விடுமுறைக் கடைசியில் பள்ளுருத்தியில் ஒரு கேமிங் சென்டரில் இரட்டையர் போட்டி இருந்தது. அண்ணன் அவன் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டான். "உன்ன வச்சுக்கிட்டு நான் மொத ரவுண்டுலயே வீட்டுக்கு வரணும்" என்று என்னை ஒதுக்கிவிட்டான். எனக்கு ஒரு ஜோடி வேண்டியிருந்தது.

நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபி சேச்சி ஒரு பெரிய பாகைமானியை அப்பாவின் தோளில் வைத்து அளந்தார். கை பக்கவாட்டில் நன்றாகத் திரும்புவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"கொள்ளாமே! வீட்டுல எந்தா செய்யுறது?"

"சின்னச் சின்ன வேலை" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"டெய்லி நாப்பது பேரைச் சுடுறாரு" என்றேன் நான்.

விஷயத்தை விளக்கியதும் சேச்சி சிரித்தார். ஆனால் பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார். திரும்புவது மட்டும் போதாது, கை மேலே பொங்கணும், தலைக்கு மேல் உயரணும். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலால் பல்லி ஏறுவதுபோல் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

அப்பா வீட்டில் அதை இரண்டு நாள் செய்தார். அப்புறம் வலி தாங்காமல் விட்டுவிட்டார். ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். ஆட்டத்தில் ஒருமுறை செத்தால் ஒருமுறை சுவர் ஏற வேண்டும். தண்டனை இருந்தால் ஒழுங்காக ஆடுவார் என்பது என் கணக்கு. அப்பா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சட்டம் நன்றாக வேலை செய்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது சாவு, முப்பது ஏற்றம். பிறகு சாவு இருபதானது, பன்னிரண்டானது. அவர் அவசரப்படவே மாட்டார். ஒரு மூலையில் குறியை முன்கூட்டியே நிறுத்தி, ஆள் வரட்டும் என்று காத்திருப்பார். ஒரு மதியம் அண்ணனின் கூட்டாளி தன் லேப்டாப்போடு வந்து, வேடிக்கைக்காக அவரோடு ஆடி, மூன்று முறை தொடர்ந்து தோற்றான்.

"அங்கிளே, பொளிச்சு!" என்று வியந்து கத்தினான்.

அண்ணன் எழுந்து போய் அப்பாவுக்குச் சாயா போட்டுக்கொண்டு வந்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து சாவுக்குக் குறைந்தபோது நான் போட்டியில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழானது.

அப்பா சாக ஆரம்பித்தார். சும்மா சாகவில்லை, அநியாயமாகச் செத்தார். ஒளிந்துகொள்ள இடம் இருக்க, திறந்த வெளியில் போய் நின்றார். எதிரியைப் பார்த்த பிறகும் சுடாமல் நின்றார். பதினைந்து சாவு, இருபத்தைந்து, ஒருநாள் நாற்பது. செத்தவுடன் முணுமுணுக்காமல் எழுந்து சுவருக்குப் போவார். விரல்கள் மெல்ல ஏறும். நெற்றி வியர்க்கும். கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடி போய்ச் சாவார்.

எண்ணில்தான் பிழை என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? ஒன்றேகாலை ஒன்றே அரைக்கால் ஆக்கினேன். ஒன்றரைக்கு ஏற்றினேன். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். மவுஸின் அடியைத் துடைத்தேன், ரெக்ஸினைக் கழுவிக் காயப்போட்டேன். எதற்கும் பலனில்லை. ஒருநாள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேணும்னே ஆடாம இருக்கீங்க! உங்களுக்கு எம்மேல இஷ்டமே இல்ல!"

அப்பா சுவரோரம் நின்றபடி திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "நம்பர் கொழப்பமில்ல மோளே. போட்டிக்கு நான் ஒழுங்கா ஆடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அந்த நாட்களில் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே அந்தச் சுவரைத்தான் பார்ப்பாள். நான் கிறுக்கிவைத்திருக்கிறேனா என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன்.

போட்டி சனிக்கிழமை காலையில். கம்பெனி டாக்டர் திங்கட்கிழமை. மொபைல் கடைக்குப் பின்னால் இருந்த ஹாலில் எட்டு ஜோடிகள். எங்களைத் தவிர எல்லாரும் அண்ணன் வயதுப் பையன்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அப்போது அண்ணன் எங்கள் மேஜைக்கு வந்தான். கீபோர்டை ஓரமாகத் தள்ளி இடம் உண்டாக்கினான். தன்னுடைய பெரிய மவுஸ் பேடை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் விரித்தான். அமைப்புகளைத் திறந்து, யாரையும் கேட்காமல் ஒன்றேகால் என்று போட்டான். போய்விட்டான்.

அன்று அப்பா ஆடினதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கை மேஜையின் அகலத்துக்கும் தாராளமாகப் போய் வந்தது. "ஸ்ஸ்" சத்தமே இல்லை. நான் ஓடி ஓடி எதிரிகளைக் கிளப்பிவிட, அவர் காத்திருந்து ஒவ்வொருவராக முடித்தார். இரண்டு சுற்று ஜெயித்தோம். கடைசிச் சுற்றில் அண்ணனின் ஜோடியிடம் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் தோற்றோம். மொத்தம் மூன்று சுற்றிலும் அப்பா செத்தது ஆறு முறை.

ஒன்றேகால் என்று நான் கண்டுபிடித்த எண்தான் சரி என்ற பெருமையில் நான் மிதந்தேன். பஸ்ஸில் வரும்போது அப்பாவுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டு வந்தேன். முந்தின இரண்டு வாரத் தவறுகளையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த ஹாலில் செத்தால் ஏறவேண்டிய சுவர் ஒன்றும் இல்லை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அந்த இரண்டு வாரத்தில் பென்சில் கோடுகள் அப்பாவின் தோளிலிருந்து கிளம்பி, தலையைத் தாண்டி, காலண்டர் ஆணிவரை போயிருந்ததையும் நான் பார்க்கவில்லை. என் கண் நோட்டில் இருந்தது.

திங்கட்கிழமை மாலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அப்பா வரும்போது அவள் ஒருநாளும் அப்படிப் போய் நின்றதில்லை. என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். தோப்பும்படிப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. நிறையப் பேர் இறங்கினார்கள். கூட்டத்துக்கு நடுவில் அப்பாவின் முகம் தெரியவில்லை. அவருடைய வலது கைதான் முதலில் தெரிந்தது. எல்லார் தலைக்கும் மேலே, முழங்கை மடங்காமல், நேராக உயர்ந்து நின்றது.

அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பா கையை இன்னும் இறக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் இருந்தது, அதற்குள் ஒரு ஆட்டம் போட்டுவிடலாம், சீக்கிரம் வா என்று என்னைத்தான் கூப்பிடுகிறார். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.