அகதாவும் கோமளாவும் பிழிந்த போர்வை

பக்கத்து வீட்டுக் கோமளாவின் சேவல் தன் வீட்டுக் கொத்தமல்லியைக் கிளறிவிட்டதென்று அகதா மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி வீசினாள். கோமளா விளக்குமாற்றால் பதில் சொன்னாள். விஷயம் போலீஸ் வழக்காகிவிட, இருவருக்கும் ஜெயில்தான் என்று எஸ்டேட் தோட்டத்து ஜனமே பேசிக்கொண்டது. அகதா மாற்றுப்புடவையோடுதான் கோர்ட்டுக்குப் போனாள். மாஜிஸ்திரேட்டோ, சிறைக்குப் பதிலாக இருவரும் தெமியாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தினமும் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார்.

"இவகூட வேலையா? ஜெயிலே தேவலாம் லா!" என்றாள் அகதா.

முதல் நாளே அங்கிருந்த அதிகாரி நனைந்த போர்வையைப் பிழியச் சொன்னார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க, இரண்டு பேரும் ஒரே திசையில் திருப்பியதால் போர்வை உருண்டதே தவிர தண்ணீர் இறங்கவில்லை. தப்பு புரிந்து இருவரும் ஒரே நேரத்தில் திசையை மாற்றினார்கள். போர்வை மறுபடியும் உருண்டது. வேடிக்கை பார்த்த பெரியவர்கள் பொக்கை வாயால் சிரித்தார்கள்.

அகதாவுக்கு மானம் போயிற்று. "கோமு, நீ அப்படியே முறுக்கு, நான் மாத்திக்கிறேன்."

"இத வாயத் தொறந்து சொல்ல இவ்ளோ நேரமா?"

தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. மாலையில் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், வேலை வாங்கிய அதிகாரியைச் சேர்ந்து திட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.