மடியில் ஏறாத பிள்ளை

யுத்தகாலத்தில் என் கணவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். எங்கள் மகள் அதுவரை அப்பாவைப் பார்த்ததில்லை; அவர் கை நீட்டினாலே அலறினாள். அவர் திரும்பிப் போகும் நாளில், தூத்துக்குடி வீட்டுக்கு ஒரு போட்டோக்காரரை வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். படம் கழுவும் மருந்து பட்டு விரல்நுனிகள் கறுத்திருந்தன.

காமிராவை முற்றத்தில் நிறுத்திவிட்டு, கறுப்புத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மகள் தரையில் சிப்பிகளைப் பரப்பி விளையாடினாள்.

"வெளிச்சம் போவுது அண்ணாச்சி. சாயங்கால ரயிலுக்கு அவுக கிளம்பணும். பிள்ளையத் தூக்கி மடியில வச்சிரட்டுமா?"

"வேண்டாம் தாயி. அழுத முகத்தப் பாத்துக்கிட்டா அவுக அங்கன இருக்கணும்?"

யுத்தத் தட்டுப்பாட்டில், படம் பிடிக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு; ஒரு தடவைதான் எடுக்க முடியும்.

கணவர் தரையில் உட்கார்ந்து ஒரு சிப்பியை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். பிறகு அவர் தொடையில் கையூன்றி அடுத்த சிப்பியை எட்டி எடுத்தவள், அப்படியே மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எடுங்க அண்ணாச்சி!" என்று அவர்கள் பக்கத்தில் நின்றபடியே கிசுகிசுத்தேன்.

"சத்தம் கேட்டா எறங்கிருவா. மொதல்ல அவுக பிள்ளையப் பாத்துக்கிடட்டும்."

எப்போது எடுத்தாரோ, தெரியவில்லை. படத்தில் நாங்கள் யாருமே காமிராவைப் பார்க்கவில்லை. பிறகு தபாலில் அனுப்பினேன்; யுத்தம் முடிந்து திரும்பும்வரை என் கணவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

அன்று எடுத்து முடித்ததும் போட்டோக்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கிய கை வெடவெடவென்று நடுங்கியது. அவ்வளவு நேரமும் அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தாரோ!