ஒரு சொட்டு, நாற்பது சொட்டு

முதலில் வந்தது தாகம். என் மனைவி மல்லிகா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். "கிரிவலக் கூட்டம் மொத்தத்துக்கும் நீயே குடிக்கிறியா?" என்று கேலி செய்தேன். பிறகு வாந்தி. ஒருநாள் காலையில், எங்கள் வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். கேலியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

மருத்துவமனையில், ரத்தத்தில் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து, அளவு மீறினால் சிறுநீரகமும் மூளையும் தடுமாறும்) மிக அதிகம் என்றார்கள்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?" என்றார் டாக்டரம்மா.

"மருந்தெல்லாம் இல்லீங்க. வைட்டமின் டி மட்டும்தான். தினம் நாப்பது சொட்டு. கரெக்டா எண்ணித்தான் ஊத்தறேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அந்த பாட்டிலை எடுத்துட்டு வாங்க."

மூட்டுவலிக்காக அவளுக்குத் தினம் ஆயிரம் ஐ.யு. (சர்வதேச அலகு) எழுதித் தந்திருந்தார்கள். நான் கடைக்குப் போகவில்லை. எங்கள் வீடு ஆசிரமத்துப் பக்கம். மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது ஷாம்பு, கொசுவலை, மருந்து என்று விட்டுப்போவதெல்லாம் எங்களுக்குப் பிரசாதம். அப்படிக் கிடைத்தவை இரண்டு பாட்டில். ஒரு சொட்டில் 25 மைக்ரோகிராம் என்றிருந்தது. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தேன். நாற்பது!

நான் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் நில அளவைப் பிரிவு குமாஸ்தா. "வெறும் நாப்பதுன்னா எப்படி எழுதறது? சென்ட்டா, ஏக்கரா?" என்று மனுவோடு வருகிறவர்களை விரட்டுகிற மகாமேதை.

மைக்ரோகிராம் எடை. ஐ.யு. எடையல்ல, வேலை செய்யும் வலிமை. வைட்டமின் டி-யில் ஒரு மைக்ரோகிராம் நாற்பது ஐ.யு. ஆக, ஒரே சொட்டில் ஆயிரமும் இருந்தது. வைட்டமின் ஏ-வுக்கும் ஈ-க்கும் கணக்கு வேறு. தெரியாவிட்டால் பாட்டிலோடு போய்க் கேளுங்கள், வகுக்காதீர்கள்.

ஆறு வாரம் ஊற்றியிருக்கிறேன். "வேணாங்க, கொமட்டுது" என்று அவள் சொன்னாள். "ஃபாரின் சரக்கும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று வாயைத் திறக்க வைத்தேன். கணக்குப் பிழையை மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

சலைன் ஏறித் தெளிந்ததும் அவளிடம் சொன்னேன்.

"எவ்ளோ ஜாஸ்தியா குடுத்தீங்க?"

"நாப்பது மடங்கு."

"கல்யாணமாகி இருபது வருஷத்துல எதையாவது ஜாஸ்தியா குடுத்திருக்கீங்களே" என்றாள். சிரித்தேன். அழுகையும் வந்தது.

இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடுமாம். வெளியேற மாதங்கள் ஆயின. அதுவரை வெயில் படக்கூடாது. வெயில் கொளுத்தும் எங்கள் ஊரில்!

இப்போது கால்சியம் சரியாகிவிட்டது, சிறுநீரகமும் தப்பியது. ஆனால் நான் காபி கொடுத்தால், குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் ஒரு கணம் பார்க்கிறாள். பார்ப்பது அவளுக்கே தெரியாது. அவள் குடிக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.