சிவக்காத குடுவை

டக்... டக்... டக்...

பக்கத்து அறையில் கலக்கி ஓடும் சத்தம். குடுவைக்குள் சுழலும் காந்தத் துண்டு கண்ணாடியில் மோதுகிற அதே சத்தம். வசந்தகுமாரியின் பேனா நின்றது. ஞாயிற்றுக்கிழமை பகல், ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். உதவியாளன் ஃபெலிக்ஸின் மேஜையில் கலக்கியின் வயர் பிடுங்கிச் சுருட்டி வைத்தபடி கிடந்தது. குடுவை கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. ஃபெலிக்ஸ் இறந்து எட்டு மாதமாகிறது.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். இருபத்தாறு வருடமாக மூலக்கூறு வளையங்களைக் கோப்பதுதான் அவள் பிழைப்பு. கோத்த இரண்டு வளையங்களுக்கு நடுவே எந்த ஒட்டும் இருக்காது. ஆனால் ஒன்றை உடைக்காமல் மற்றதைப் பிரிக்கவும் முடியாது. வளையம் மூடும் முன் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தாமிர உப்பு வேண்டும். அது விழுந்ததும் கரைசல் ரத்தமாய்ச் சிவக்கும். சிவந்த பிறகே மூட வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் ஃபெலிக்ஸ் அந்த உப்பை எடை போட்டுக் குப்பியில் கொடுத்தான். அவளுக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே குப்பியைக் கோட்டுப் பையில் போட்டாள். பேசிக்கொண்டே மூடும் மருந்தை ஊற்றினாள். குடுவை சிவக்கவேயில்லை. ஆறு மாத உழைப்பு தனித்தனி வளையங்களாகச் சிதறியது. ஃபெலிக்ஸ் உப்பைக் கொடுக்கவேயில்லை என்று ஆய்வகத் தலைவர் முடிவு கட்டினார். குப்பி பையில் கனக்க, அவள் வாய் திறக்கவில்லை. வேலை போன நான்காம் நாள் அவன் இதயம் நின்றது.

“என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

வாசலில் ஜெஸ்ஸி, ஃபெலிக்ஸின் மனைவி. சர்ச் முடிந்து அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்க வந்திருந்தாள்.

“ஒண்ணுமில்லமா. இந்தா, நோட்டு.”

ஜெஸ்ஸி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். “கடைசி வரைக்கும் ‘நான் குடுத்தேன் ஜெஸ்ஸி’ன்னே சொன்னாரு. நானே நம்பலக்கா. ‘தப்ப ஒத்துக்கிட்டுப் போய்க் கால்ல விழு’ன்னு கத்துனேன்...”

டக்... டக்...

ஜெஸ்ஸி தலை நிமிர்த்தினாள். “உள்ள யாருக்கா இருக்காங்க?”

இவளுக்குமா கேட்கிறது! வசந்தகுமாரியின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. வெளியே வந்த குப்பியில், வெள்ளை உப்பு பாசிபோலப் பச்சை பூத்திருந்தது. மேலே ஃபெலிக்ஸின் கையெழுத்து, அன்றைய தேதி.

“அவன் குடுத்தான், ஜெஸ்ஸி. நான்தான் போடல.”

சட்டென்று சத்தம் நின்றது. அந்த நிசப்தம் அதைவிடப் பயங்கரமாயிருந்தது.

ஜெஸ்ஸி குப்பியை வாங்கித் தேதியை விரலால் தடவினாள். கண்ணீர் குப்பியின்மேல் சொட்டியது. பிறகு அதை வசந்தகுமாரியின் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கினாள்.

“எடுத்துட்டுப் போம்மா...”

“நக்கோக்கா, வேணாம். நான் காட்டினா யார் நம்புவாங்க? நாளைக்குத் தலைவர்கிட்ட நீங்களே குடுங்க. எல்லாரும் இருக்கும்போது.”

ஜெஸ்ஸி திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். கதவு சாத்திக்கொண்டது.