டிவியில் ஓடிய சிவப்பு வரிகள்

எங்கள் கல்லூரி சர்வரில் நடப்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகும். அந்தப் பதிவை, அதாவது லாக்கை, உடனுக்குடன் பிரவுசரிலேயே பார்க்கும்படி இன்று காலைதான் செய்து முடித்தேன். வரவேற்பறை டிவியிலும் ஓடவிட்டேன். விண்ணப்பம் ஏறாமல் நின்றால் அதன் எண்ணோடு அந்த வரி சிவப்பாக வரும்.

விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். டிவி முழுக்கச் சிவப்பு.

தாளாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இம்புட்டுச் சிவப்பா இருக்கு?" என்றார்.

"ஒவ்வொரு வரியும் அப்ளிகேஷன் போகாம நிக்கிற ஒரு புள்ள சார். சர்வர் தாங்கலை. தேதிய ஒரு நாள் தள்ளி வைங்க, சரி பண்ணிடுறேன்."

"அத அப்பறம் பாப்போம். மதியம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளுங்க வாராங்க. மொதல்ல இதப் பச்சையா மாத்திரும்மா."

நிறத்தை மட்டும் மாற்றினேன்.

வந்தவர்கள் டிவியைப் பார்த்துவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று தாளாளருக்குக் கைகொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காலையிலேருந்து அனுப்புறேன், போகவே மாட்டேங்குது. என் அப்ளிகேஷன் நம்பரச் சொல்றேன், கொஞ்சம் பாருங்களேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்ன எண் டிவியில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் ஆபீசிலும் எதையாவது பச்சையாக்கச் சொல்லியிருப்பார்கள். மாற்ற எனக்கு ஒரு நிமிடம் ஆனது. உங்களுக்கு?